முளைக்குது... மறுவாரமே கருகுது!

வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்வி–பதில்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து காய்கறி நாற்று பற்றி வந்த கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறைதான்: விதை முளைக்கிறது, நாற்றாக நிற்க மாட்டேன் என்கிறது. அதனால் விதையை விட்டுவிட்டுத் தண்ணீரிலிருந்து தொடங்குகிறோம்.

தங்கச்சிமடம் வாசகி: மொட்டை மாடியில் சின்னக் கோப்பைகளில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் போட்டேன். எல்லாம் நன்றாக முளைத்தன. நாலு இலை விட்டதும் இலை ஓரம் தீய்ந்தாற்போல் பழுப்பாகிறது. மண்மேல் வெள்ளையாகப் பூக்கிறது. காலை, மாலை தவறாமல் போர் தண்ணீர் ஊற்றுகிறேன். பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. உரம் போதவில்லையா?

உரத்தைத் தொடாதீர்கள். இப்போது போட்டால் இன்னும் வேகமாகக் கருகும். மண்மேல் பூத்த வெள்ளைதான் பதில். அது உப்பு.

செடியும் வெயிலும் தண்ணீரை எடுத்துக்கொள்ளும், உப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். நீங்கள் ஊற்றும் ஒவ்வொரு குவளையிலும் வரும் உப்பு அந்தச் சின்னக் கோப்பைக்குள்ளேயே தங்கி நாளுக்கு நாள் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் மண் ஈரமாக இருந்தாலும் வேரால் அந்த ஈரத்தை இழுக்க முடியாது. இழுத்த கொஞ்சமும் இலை நுனிக்குப் போய் ஆவியாகி, உப்பு அங்கே சேர்ந்து ஓரத்தைத் தீய்க்கும். அதே போர் தண்ணீரில் தென்னையும் முருங்கையும் நிற்கின்றனவே என்று கேட்கலாம். அவற்றின் வேர் போய்ச் சேரும் மண்ணின் அளவு வேறு, நாற்றுக்குக் கிடைக்கும் இரண்டு கைப்பிடி மண் வேறு.

முதலில், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்குங்கள். பேனா அளவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தோட்டக் கருவிகளில் இந்தக் கடற்கரைக்கு முதல் தேவை அதுதான், மண்வெட்டிகூட அப்புறம். அளவு 500 பி.பி.எம்.-க்குள் (லிட்டருக்கு 500 மில்லிகிராம்) இருந்தால் எந்த நாற்றுக்கும் ஊற்றலாம். 500 முதல் 1,000 வரை என்றால் தக்காளி சமாளிக்கும், கத்தரி தடுமாறும், மிளகாயும் பீன்ஸும் முகம் சுளிக்கும். 1,000-க்கு மேல் நாற்றுப் பருவத்தில் எதற்கும் வேண்டாம். தட்டைப்பயறும் பீட்ரூட்டும் உப்பை நன்றாகவே தாங்கும், ஆனால் அவையும் முளைக்கும்போது நல்ல தண்ணீரைத்தான் விரும்பும்.

மீட்டர் இல்லையென்றால் விதையையே கேட்டுவிடலாம். இரண்டு துணித்துண்டு, ஒவ்வொன்றிலும் 10 தக்காளி விதை. ஒன்றைக் குடிதண்ணீரில் நனையுங்கள், மற்றதைப் போர் தண்ணீரில். சுருட்டித் தனித்தனி டப்பாவில் மூடி வைத்து, காயாமல் அதே தண்ணீரைத் தெளித்து வாருங்கள். எட்டாம் நாள் பிரித்து எண்ணினால், எத்தனை முளைத்தன, வேர் எவ்வளவு நீண்டது என்பதிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும்.

தண்ணீருக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். 50 நாற்றுக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் போதும். மிளகாய் நாற்று நடவுக்கு வரும்வரை 40, 45 நாள் கணக்குப் போட்டாலும் ஐந்து குடம்தான். அந்த அளவுக்குக் காவிரி குடிநீரையே எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 800 லிட்டர் பிடிக்கலாம். பருவத்தின் முதல் மழையை மட்டும் ஓடவிட்டு விடுங்கள். காற்று கொண்டுவந்து மாடியில் படியவைத்த உப்பு முழுக்க அதில்தான் கரைந்து வரும். ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை, பிடித்து வைத்து ஊற்றலாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீர் வேண்டவே வேண்டாம். உங்கள் தண்ணீரிலிருந்த உப்பு அதில்தான் திரண்டிருக்கிறது.

நல்ல தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் கலந்துகொள்ளுங்கள். 2,000 காட்டும் போர் தண்ணீர் ஒரு பங்கு, மழைநீர் மூன்று பங்கு சேர்த்தால் 500-க்குப் பக்கத்தில் வரும்.

இப்போது இருக்கும் நாற்றுகளைக் காப்பாற்ற, மேலே பூத்த வெள்ளைப் படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, கோப்பையின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வடியவிடுங்கள். கோப்பை தேங்கிய தண்ணீரில் உட்கார்ந்திருக்கக் கூடாது, உட்கார்ந்தால் வடிந்த உப்பு மறுபடி ஏறும். கருகிய ஓரம் பச்சையாகத் திரும்பாது. அடுத்து வரும் இலை சுத்தமாக வந்தால் பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

தொண்டி வாசகர்: இதுவரை ஒரு செடிகூட வளர்த்ததில்லை. குழித்தட்டில் நாற்று விடுவதை அளவோடு சொல்லுங்கள்.

கடையில் 98 குழித் தட்டை எடுத்து நீட்டுவார்கள். அது நாற்றுப் பண்ணைக்காரர்களுக்கு ஏற்றது. குழிக்கு இரண்டு மேசைக்கரண்டி அளவுதான் கலவை பிடிக்கும், கடல்காற்றில் அரை நாளில் காய்ந்துவிடும். முதல்முறை விடுபவர் 50 குழித் தட்டு வாங்குவது நல்லது. தட்டே வேண்டாம் என்றாலும் தயிர்க் கோப்பை, காகித டீ கப், துளையிட்ட தேங்காய்ச் சிரட்டை எல்லாம் ஆகும். அடியில் பென்சில் நுழையும் அளவில் மூன்று துளை அவசியம்.

கலவைக்கு மக்கிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. 50 குழிக்கு மொத்தம் சுமார் மூன்று லிட்டர் ஆகும். கடையில் கிடைக்கும் 650 கிராம் நார்க்கழிவுக் கட்டி ஊறினால் எட்டு, ஒன்பது லிட்டர் வரும். அதை அப்படியே பயன்படுத்துவதுதான் இங்கே பலரும் சறுக்கும் இடம். உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த கழிவில் உப்பு நிறைய இருக்கும். வாளியில் நல்ல தண்ணீர் விட்டு ஊறவைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, மறுபடி ஊறவைத்துப் பிழிய வேண்டும். மூன்று முறை. கடைசியாகப் பிழிந்த தண்ணீரை மீட்டரில் பாருங்கள். நீங்கள் ஊற்றிய தண்ணீரைவிட 300-க்கு மேல் கூடுதலாகக் காட்டினால் நான்காம் முறையும் அலசுங்கள்.

கடற்கரை மணலைக் கலக்கலாமா என்று எப்படியும் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். கூடாது. உப்பு ஒரு பக்கம், அதிலுள்ள சிப்பித்தூள் சுண்ணாம்பு இன்னொரு பக்கம். கண்மாய் வண்டலும் தட்டுக்கு வேண்டாம், குழிக்குள் இறுகிப்போகும். அதற்கு வேறு இடத்தில் வேலை இருக்கிறது, கீழே உச்சிப்புளி வாசகருக்குச் சொல்லியிருக்கிறோம்.

கலவையை நனைத்துக் கையில் அள்ளி இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். குழிகளை நிரப்பித் தட்டை இரண்டு முறை தரையில் தட்டி, மேலே மறுபடி நிரவுங்கள். விரல்நுனியால் அரை சென்டிமீட்டர் பள்ளம், ஒரு குழிக்கு ஒரு விதை. பழைய விதை என்றால் இரண்டு போட்டு, இரண்டும் முளைத்தால் ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் கையோடு வரும். கலவையால் மூடி, பூவாளியில் மெல்லத் தெளித்து, பாலித்தீன் தாளால் போர்த்தி நிழலில் வையுங்கள். வெயிலில் போர்த்தி வைத்தால் விதை வெந்துவிடும்.

தக்காளி 5 முதல் 8 நாளில் முளைக்கும். கத்தரிக்கு 7 முதல் 10, மிளகாய்க்கு 8 முதல் 14 நாள் ஆகும். மூன்றையும் ஒரே தட்டில் போடாதீர்கள். தக்காளி தலைகாட்டிய அன்றே தாளை எடுத்தாக வேண்டும், மிளகாய்க்கு அது இன்னும் ஒரு வாரம் தேவைப்படும். தினமும் காலையில் தாளைத் தூக்கிப் பாருங்கள். முதல் நாலைந்து தலை தெரிந்ததும் எடுத்துவிட்டு, அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். 50 சதவிகித நிழல்வலைக்குக் கீழே, இளங்காலை வெயில் நாலு மணி நேரமாவது படும் இடம். சன்னலோரத்தில் வைத்தால் நாற்று ஒளியைத் தேடி நூல்போல் நீண்டு, தன் தலையைத் தானே தாங்க முடியாமல் சாயும். அதை உரம் போட்டுத் திருத்த முடியாது.

தட்டைத் தரையில் வைக்காமல் செங்கல்மேலோ பலகைமேலோ உயர்த்துங்கள். மாடித் தளத்தின் சூடு அடி வேரைப் பதம் பார்க்கும். தண்ணீர் ஊற்ற வேண்டுமா என்பதைத் தட்டைத் தூக்கிப் பார்த்து முடிவு செய்யலாம், இரண்டே நாளில் கைக்கு எடை பழகிவிடும். பொதுவாகக் காலையில் ஒருமுறை, காற்று அதிகமுள்ள நாளில் மூன்று மணிவாக்கில் இன்னொருமுறை. இருட்டும் நேரத்தில் ஊற்ற வேண்டாம். வாரத்துக்கு ஒருநாள் அடியில் வடியும்வரை ஊற்றுங்கள், சேர்ந்த உப்பு கழுவிப்போகும்.

முதலில் விரியும் இரண்டும் வித்திலைகள். அவற்றுக்குப் பிறகு வரும் உண்மை இலை இரண்டு விரியும்வரை எந்த ஊட்டமும் தேவையில்லை. அதன்பின் வாரம் ஒருமுறை, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு 2 கிராம், அல்லது வடிகட்டிய பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி. தக்காளி 25 நாளிலும், கத்தரி 30–35 நாளிலும், மிளகாய் 40–45 நாளிலும் நடவுக்கு வரும்.

கீழக்கரை வாசகி: "ஆடிப்பட்டம் தேடி விதை" என்கிறார் மாமியார். ஆடியில் போட்ட தக்காளி இரண்டு வருடமும் காய்க்கவில்லை. யார் சொல்வது சரி?

மாமியார் சொல்வது வயலுக்குச் சரி, உங்கள் மாடிக்குத்தான் பொருந்தவில்லை. ஆடியில் மழை பெறும் ஊர்களும் ஆற்றுத் தண்ணீர் வரும் ஊர்களும் வேறு. இந்தக் கடற்கரைக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வருகிறது. ஆடியில் இங்கே வீசுவது தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று. வெயில், வறட்சி, உப்புத்தூறல் மூன்றும் ஒன்றாக வரும் மாதத்தில் பழகாத கை தக்காளி நாற்று விடுவது வீண் சிரமம்.

மிளகாயைப் புரட்டாசியில் விதையுங்கள். நாற்று ஐப்பசிக் கடைசியில் தயாராகும், தையிலிருந்து பறிக்கலாம். தக்காளியும் கத்தரியும் கார்த்திகை நடுவிலிருந்து மார்கழிக்குள் விதைத்து, மார்கழிக் கடைசியிலோ தை பிறந்ததுமோ நடுங்கள். முதல்முறை நாற்று விடுபவருக்கு இதைவிட நல்ல பட்டம் இங்கே கிடையாது. வெயில் இதம், கையில் மழைநீர், காற்றும் தணிந்திருக்கும். மாசி, பங்குனியில் காய்க்கும். அதற்கும் பிந்தினால் செடி செழிப்பாகவே வளரும், பூவும் பூக்கும், பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும்போது பூ பிஞ்சாகாமல் உதிரும். உங்கள் தக்காளி காய்க்காததற்கும் சூடும் காற்றும்தான் காரணமாக இருந்திருக்கும்.

ஆடியில் மாமியார் மனம் கோணாமல் வெண்டையும் கொத்தவரையும் போடுங்கள். இரண்டும் நாற்று கேட்காதவை. நேரடியாக இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் வெண்டை ஐந்தாறு நாளில் வந்துவிடும்.

தேவிபட்டினம் வாசகர்: ஐப்பசி மழையில் மூன்று நாள் தட்டு நனைந்தது. நான்காம் நாள் பார்த்தால் நாற்றுகள் வட்டம் வட்டமாகச் சாய்ந்து கிடக்கின்றன. இலை பச்சையாகத்தான் இருக்கிறது. வேர்ப்புழுவா?

தண்டைப் பாருங்கள். மண்ணைத் தொடும் இடத்தில் நீர்கோத்துப் பழுப்பாகி, நூல்போல் இளைத்திருக்கும். இது நாற்றழுகல். மண்ணில் எப்போதும் இருக்கும் பூஞ்சைகள்தான் காரணம். மிதமிஞ்சிய ஈரமும் நெருக்கமும் காற்றோட்டமின்மையும் கிடைத்தால் ஓரிரவில் பரவும். வட்டமாகச் சாய்வதே இதற்கு அடையாளம், ஒரு நாற்றிலிருந்து சுற்றிலும் பரவுகிறது. புழு வெட்டியிருந்தால் தண்டு துண்டாகக் கிடக்கும். விதைத்தது முளைக்கவே இல்லை என்று சிலர் எழுதுகிறார்களே, அதிலும் ஒரு பகுதி இதே நோய்தான், மண்ணுக்குள்ளேயே முளை அழுகிவிடுகிறது.

சாய்ந்தது எழும்பாது. சாய்ந்தவற்றையும் அவற்றைச் சுற்றி ஒரு வரிசையையும் கலவையோடு அள்ளித் தூரப் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். தட்டைக் கூரைக்கு அடியில் காற்றுப்படும் இடத்துக்கு மாற்றி, மேல்பரப்பு வெளுக்கும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற காப்பர் ஆக்சிகுளோரைடு பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு இரண்டரை கிராம் கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறைக்கு: விதைப்பதற்கு ஒரு வாரம் முன்பே, ஒரு கிலோ மண்புழு உரத்தில் நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி தூள் ஒரு தேக்கரண்டி கலந்து, லேசான ஈரத்தோடு நிழலில் மூடி வைத்து, பிறகு அதைக் கொண்டு கலவை தயாரியுங்கள். விதைமேல் அதையே பூசும் விதை நேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது கணக்கு. வீட்டில் நாம் போடும் ஒரு பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகை, ஆறிய கஞ்சித்தண்ணீர் சில சொட்டு விட்டுப் பிரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தினால் ஆயிற்று. விதை இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் பூசி வந்திருந்தால் ஏற்கெனவே பூஞ்சைக்கொல்லி போட்டிருக்கிறார்கள், அதற்கு இது வேண்டாம். டிரைக்கோடெர்மாவும் பூஞ்சைதான். காப்பர் மருந்தையும் அதையும் சேர்த்து ஊற்றினால் இரண்டுக்கும் கொடுத்த காசு வீண்.

பழைய தட்டை மறுபடி பயன்படுத்தும்போது தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் கடும் வெயிலில் காயவிடுங்கள். வெயிலுக்கு இங்கே பஞ்சமா என்ன?

சாயல்குடி வாசகர்: வீட்டில் இருக்கும் முண்டு வற்றலிலிருந்து விதை எடுத்து நாற்று விடலாமா?

விடலாம். ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நாட்டு ரகம், வீரிய ஒட்டு அல்ல. விதை தாயைப் போலவே வரும். ஒரு எச்சரிக்கை உண்டு. மிளகாயில் தேனீ வழியே அயல் மகரந்தச் சேர்க்கை நடக்கும். பக்கத்துக் கொல்லையில் சம்பா மிளகாய் நின்றிருந்தால் சில செடிகளில் காய் நீளமாக வரலாம்.

இந்த வருடத்து வற்றலாக, நல்ல சிவப்பாக, உருண்டு திரண்டதாகப் பொறுக்குங்கள். வெளுத்த சோடை வற்றலை ஒதுக்குங்கள். மளிகைக் கடை வற்றல் எத்தனை மாதம் மூட்டையில் கிடந்தது என்று தெரியாது. அதனால் 10 விதையை ஈரத்துணியில் சுற்றிப் பாருங்கள், இரண்டு வாரத்தில் ஏழுக்குக் குறைவாக முளைத்தால் வேறு வற்றல் தேடுங்கள். விதை எடுத்த கையைக் கண்ணில் வைக்காதீர்கள், சோப்பு போட்டுக் கழுவினாலும் காரம் சுலபத்தில் விடாது.

பாம்பன் வாசகி: மீன் கழுவிய தண்ணீர் செடிக்கு நல்லது என்கிறார்களே, நாற்றுக்கு ஊற்றலாமா? கரையில் ஒதுங்கும் கடற்பாசி?

நாற்றுக்கு இரண்டும் வேண்டாம். மீன் கழுவிய தண்ணீரில் உள்ள இரத்தமும் செதிலும் தட்டில் அழுகி ஈயையும் எறும்பையும் கூட்டும், பூனை தட்டையே கவிழ்க்கும். உப்புப்போட்டு உரசிக் கழுவியிருந்தால் கதை முடிந்தது. வளர்ந்த தென்னை, வாழைக்கு ஊற்றுங்கள்.

மீன் கழிவும் வெல்லமும் சம எடை எடுத்துக் காற்றுப்புகாத டப்பாவில் 21 நாளுக்குக் குறையாமல் நொதிக்கவைத்த மீன் அமிலம் நல்ல பொருள். நட்டு இரண்டு வாரம் ஆன செடிக்கு லிட்டருக்கு 5 மில்லி கலந்து தெளிக்கலாம். கரையில் ஒதுங்கிய பாசியை மழையில் ஒரு பருவம் முழுக்க நனையவிட்டு, உப்பு போனபிறகு குப்பையோடு சேர்த்து மக்கவையுங்கள். பச்சையாகச் சட்டியில் போடக் கூடாது. கடையில் விற்கும் கடற்பாசிச் சாறு தனி, அதை நாற்றுக்கே லிட்டருக்கு 2 மில்லி தெளிக்கலாம். கட்டாயம் ஒன்றுமில்லை.

பெரியபட்டினம் வாசகர்: பாகல், புடலை விதை 15 நாளாகியும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் அப்படியே இருக்கிறது.

அழுகவில்லையே, நல்லது. தோல் தடித்த விதைகள் இவை. நகவெட்டியால் விதையின் பக்கவாட்டு ஓரத்தை உள்ளே பருப்பு தெரியாத அளவுக்கு லேசாகக் கிள்ளி, 12 மணி நேரம் ஊறவையுங்கள். ஒரு நாளுக்கு மேல் ஊறினால் மூச்சடைத்து அழுகும். பிறகு ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் மூடி, சமையலறையில் சூடுள்ள மூலையில் வைத்தால் மூன்று முதல் ஆறு நாளில் வெள்ளை முனை எட்டிப்பார்க்கும். அது அரை சென்டிமீட்டர் நீள்வதற்குள் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றிவிடுங்கள், நீண்டபின் கை பட்டால் முறியும்.

கொடிக் காய்களின் வேர் கிளறலைப் பொறுக்காது. குழித்தட்டு வேண்டாம். பையிலோ காகிதக் கப்பிலோ முளைக்கவைத்து 12, 15 நாளில், மூன்றாவது இலைக்கு முன்பே மண்ணோடு நட்டுவிட வேண்டும். பீன்ஸ், தட்டைப்பயறுக்கு இந்த ஊறவைக்கும் வேலையே கூடாது, தோல் வெடித்துப் பருப்பு பிளந்துவிடும்.

ராமேஸ்வரம் வாசகி: காலிஃபிளவர், கேரட் நாற்று விடும் முறை சொல்லுங்கள்.

கேரட் நாற்று விடும் பயிரே அல்ல, பிடுங்கி நட்டால் கிழங்கு கவட்டையாகப் பிரியும். காலிஃபிளவருக்கு வேண்டிய குளிர் தீவில் கிடைப்பது கடினம். இரண்டையும் சந்தையில் வாங்கிக்கொண்டு, அந்த இடத்தில் கீரை விதையுங்கள்.

உச்சிப்புளி வாசகர்: நாற்று தட்டில் அருமையாக இருக்கிறது. தென்னந்தோப்பு ஓரத்து மணலில் நட்டால் மூன்றாம் நாள் வதங்கி, ஐந்தாம் நாள் காய்ந்துவிடுகிறது. நல்ல தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

மூன்று விஷயம் கூடி வருகிறது: நிழலில் வளர்ந்த நாற்று ஒரே நாளில் வெயிலுக்குப் போகிறது, மணல் தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை, காற்று இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது.

நடுவதற்கு ஏழு நாள் முன்பிருந்தே பழக்குங்கள். முதல் நாள் காலை வெயில் ஒரு மணி நேரம் நிழல்வலைக்கு வெளியே, பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டி, கடைசி இரண்டு நாள் முழு வெயில். தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள், வதங்கவிடாமல். தண்டு லேசாக ஊதா ஓடிக் கெட்டிப்படுவது நல்ல அறிகுறி.

மணலில் வெறுமனே குத்தி நடாதீர்கள். ஒரு அடிக்கு ஒரு அடி குழி எடுத்து, இரண்டு கிலோ மக்கிய தொழு உரமும் ஒரு சட்டி கண்மாய் வண்டலும் எடுத்த மணலோடு கலந்து நிரப்புங்கள். தட்டுக்கு ஆகாத அந்த வண்டல்தான் இங்கே ஈரத்தைப் பிடித்து வைக்கப்போகிறது. வாய்க்கால் எடுத்துப் பார் (நீள மண்மேடு) பிடித்தால் பாரின் உச்சியில் நடாதீர்கள். தண்ணீர் இரு பக்கமும் ஊறி மேலேறும்போது உப்பு உச்சியில்தான் திரளும். சரிவின் பாதியில் நடுங்கள். தக்காளி, மிளகாய்க்கு வரிசைக்கு வரிசை 60, செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர். கத்தரிக்கு இரண்டும் 60.

மாலை நாலு மணிக்கு மேல் நடுங்கள். ஒரு மணி நேரம் முன்பு தட்டை நனைத்துக்கொண்டால் நாற்று வேர்க்கட்டியோடு வழுக்கி வரும். மேலே பிடித்து இழுக்காமல், அடித்துளை வழியே குச்சியால் தள்ளுங்கள். தக்காளியை வித்திலை வரை புதைக்கலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். நீண்டு மெலிந்த தக்காளி நாற்றுக்கு இதுவே வைத்தியம். மிளகாய், கத்தரியைத் தட்டில் இருந்த ஆழத்திலிருந்து ஒரு விரற்கடை மட்டும் கூட்டலாம். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர் என்பது வயல் மண்ணுக்கான கணக்கு. உங்கள் மணலுக்கு முதல் வாரம் தினமும் செடிக்கு அரை லிட்டராவது வேண்டும்.

ஐந்து நாளைக்கு ஒவ்வொரு நாற்றுக்கும் மேற்குப் பக்கம் ஒரு பனையோலைத் துண்டைச் சாய்வாகக் குத்திவையுங்கள். நிரந்தரக் காப்புக்கு, கச்சான் காலத்தில் தென்மேற்கிலும் வாடைக் காலத்தில் வடகிழக்கிலும் ஓலை வேலி. மூன்றடி உயர வேலி பத்துப் பதினைந்தடி தூரம் வரை நன்றாகக் காக்கும். இடைவெளியில்லாத சுவரோ தகரமோ வைத்தால் காற்று மேலேறி அந்தப் பக்கம் சுழன்று இறங்கி நாற்றை முறிக்கும், சல்லடையாக இருப்பதே நல்லது. செடியைச் சுற்றிக் காய்ந்த தென்னோலையை நறுக்கிப் பரப்புங்கள். பலத்த காற்று அடித்த மறுநாள் காலை, இலையில் படிந்த உப்பை நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள்.

ஏர்வாடி வாசகி: நாற்று விட நேரமில்லை. வாரச் சந்தையில் வாங்கும் நாற்றில் எதைப் பார்க்க வேண்டும்?

உயரமானதையும் பூ வைத்ததையும் வாங்காதீர்கள், இரண்டும் தட்டில் நாள் கடந்து நின்றவை. தண்டு பென்சில் முள்ளைவிடத் தடித்து, நாலைந்து இலையோடு குட்டையாக இருக்கட்டும். ஒன்றை உருவிப் பாருங்கள், வேர் வெள்ளையாகக் கலவையைப் பின்னியிருக்க வேண்டும். பழுப்பு வேர் வேண்டாம். தட்டை லேசாகத் தட்டும்போது வெள்ளை ஈ பறந்தால் நகர்ந்துவிடுங்கள். இலைச்சுருட்டை வைரஸ் அந்த ஈ வழியாகத்தான் வருகிறது, நாற்றிலேயே தொற்றியிருந்தால் பின்னால் எந்த மருந்தும் கேட்காது. சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வந்ததும் வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் சில சொட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்து, நாலு நாள் மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.

திருப்பாலைக்குடி வாசகர்: கீரை விதையை எறும்பு தூக்கிப்போகிறது. மிச்ச விதையைப் பத்திரப்படுத்தினால் அடுத்த வருடம் முளைப்பதில்லை.

எறும்புக்கு: விதையை மூன்று மடங்கு மணலோடு கலந்து தூவி, மண்ணால் மெல்லிசாக மூடி, பாத்தியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசி நொய்யைக் கோடாகப் போடுங்கள். எறும்பு அதைச் சுமந்துகொண்டு போய் முடிப்பதற்குள் மூன்று நாளில் கீரை முளைத்துவிடும்.

விதை கெடுவது கடற்கரை ஈரப்பதத்தால். காகிதப் பொட்டலத்தோடு அலமாரியில் வைத்தால் வெங்காய விதை ஒரு வருடம்கூடத் தாங்காது, மிளகாயும் வெண்டையும் இரண்டாம் வருடம் பாதிதான் முளைக்கும். நிழலில் நன்கு உலர்த்தி, ரப்பர் வளையம் உள்ள கண்ணாடிப் பாட்டிலில், மாத்திரை டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போட்டு இறுக மூடுங்கள். அது இல்லையென்றால் வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்த அரிசி இரண்டு மேசைக்கரண்டியைத் துணியில் முடிந்து போடலாம். பாட்டிலைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைபெட்டியில் அல்ல. எடுக்கும்போது உடனே திறக்காமல், அறையின் சூட்டுக்கு வரும்வரை ஒரு மணி நேரம் விட்டுத் திறங்கள். குளிர்ந்த விதைமேல் காற்றின் ஈரம் வியர்த்தால் பத்திரப்படுத்தியதெல்லாம் வீணாகும். பாட்டில்மேல் மாதமும் வருடமும் எழுதி ஒட்டி வையுங்கள்.